தலைப்பாகை கட்டியவரை மட்டும் எடுக்கலாம்

2003-ஆம் வருடம், மே மாதம். பெரம்பலூரில் நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தோம். பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பெண் பிள்ளைகள் விசேஷத்துக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண மண்டபங்களுக்கு அவர் போவார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவரை விட நான்தான் நன்றாக எடுப்பேன் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான்.

அந்த வருடம் மழை சரியான ஏமாற்று. கிணறுகளெல்லாம் தரை தெரிந்துவிட்டன. அந்த நேரத்தில் அரும்பாவூர் பக்கத்து விவசாயி ஒருவரின் சின்னப் பெண்ணுக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உதவி செய்ய ஊர்க்காரர்களுக்கு மனசு இருந்தது, கையில்தான் ஒன்றும் இல்லை. டவுனில் உரக்கடை வைத்திருந்த ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னாராம். எல்லோரும் கோவணத்தோடு நான்கு ரோட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நடப்பது, வழியெல்லாம் உண்டியல் குலுக்குவது. சட்டை போட்டுக்கொண்டு கேட்டால் டவுன்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான், கோவணத்தோடு போனால் திட்டவாவது திரும்பிப் பார்ப்பான் என்பது அவர் கணக்கு.

நடப்பதற்கு முந்தின நாள் அவர் ஸ்டுடியோவுக்கு வந்து, "சார் இல்லீங்களா?" என்றார். சார் ஒரு கல்யாண ஆர்டருக்காக அரியலூர் போயிருந்தார். நான் வருகிறேன் என்றேன். மனிதர் நெளிந்தார்.

"இல்லீங்க... எல்லாம் கோவணத்தோட இருப்பாங்க."

"இருக்கட்டுங்க. நான் கேமராவத்தான பார்ப்பேன்" என்றேன் வீம்பாக.

மறுநாள் காலையில் நான்கு ரோட்டில் போய் ஆட்டோவை விட்டு இறங்கினேன். அறுபது எழுபது ஆண்கள் கோவணத்தோடு, தோளில் பச்சைத் துண்டோடு நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "யோவ், பொம்பளை போட்டோகிராபர் வந்துட்டாங்கய்யா!" என்று கத்தினாரே பார்க்கலாம்! அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி அப்படியே தரையில் குந்திவிட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களுக்கும்தான். ஆனால் எழுந்திருக்கத்தான் ஒருவரும் தயாராக இல்லை.

உரக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நடுவில் நின்று ஒரு சட்டம் போட்டார். யாருக்குப் போட்டோ எடுத்தால் பரவாயில்லையோ அவர்கள் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கு வேண்டாமோ அவர்கள் துண்டை உடம்பில் போர்த்திக்கொள்ள வேண்டும். பின்னாலிருந்து யாரையும் எடுக்கவே கூடாது. என்னைப் பார்த்து, "தலைப்பா கட்டினவங்கள மட்டும் எடுங்கம்மா. மத்தவங்க பக்கம் கேமராவத் திருப்பாதீங்க. இது உங்க பொறுப்பு" என்றார். சரி என்று தலையாட்டினேன். நல்ல சட்டம்தான். அது வந்ததும் குந்தியிருந்தவர்களில் பாதிக்கு மேல் தலைப்பாகை கட்டிக்கொண்டு எழுந்து, மீசையை முறுக்கிக்கொண்டு என் முன்னால் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். வெட்கமெல்லாம் எங்கே போனதோ!

நடை கிளம்பியது. முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். மாடியிலிருந்து எட்டிப்பார்த்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, காரணம் தெரிந்ததும் ஓடிவந்து உண்டியலில் போட்டார்கள். நான் முன்னாலும் பக்கவாட்டிலுமாக ஓடி ஓடி எடுத்தேன்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். துண்டைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை சுற்றி, முனையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். கேமரா அந்தப் பக்கம் திரும்பினாலே இன்னொருவர் பின்னால் போய்விடுவார். மூன்று நான்கு தடவை கவனித்தேன். சரி, கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்குப் போட்டோ பிடிக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது கதையே இல்லை.

பாலக்கரை வந்தபோது மணி பத்தரை இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் வெறுங்கால். ஒரு தண்ணீர்ப் பந்தலில் டிரம் நிறையத் தண்ணீர் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் சொம்பில் மொண்டு கொடுத்தார்கள். தப்பு அடிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் அங்கே மொய்த்தார்கள். அப்போதுதான் அவர் துண்டை அவிழ்த்தார். தலையில் கட்டினார். ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கித் தலையோடு ஊற்றிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் ஏதோ கேலி சொல்ல, வாயைத் திறந்து சிரித்தார்.

அவர் முதுகிலும் விலாவிலும் வயிற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருந்தன. கறுத்த உடம்பு, அதில் பால் கொட்டிய மாதிரி வெண்மை, அதன் மேல் வழியும் தண்ணீர், அந்தச் சிரிப்பு. கேமராவைக் கண்ணில் வைத்தேன். அழகாக இருந்தது, வேறு என்ன சொல்ல? தலையில் தலைப்பாகை இருந்தது. சட்டப்படி எடுக்கலாம். வெயிலுக்காகக் கட்டினார் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் நடை முடிந்ததும் ரோலைக் கழற்றி டவுனில் புதிதாக வந்திருந்த கலர் லேபில் கொடுத்தேன். மத்தியானம் படங்கள் வந்துவிட்டன. அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு லேபில் இருந்தவரே, "யக்கா, இது நீங்க எடுத்ததா?" என்றார். சார் எடுத்ததில்லையா என்கிற மாதிரி வந்த அந்த 'நீங்க' எனக்குக் குத்தியது. ஆனாலும் உள்ளுக்குள் இனித்தது.

அந்த நாளில் செய்திப் படங்கள் திருச்சிக்குப் போவதற்கு ஒரு வழி இருந்தது. உள்ளூர் நிருபர் படத்தையும் செய்தியையும் ஒரு கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அன்றைக்கு நிருபர் என் ஸ்டுடியோவுக்கு வந்து மூன்று படங்கள் கேட்டார். ஒன்று தப்பு அடிப்பவர்கள், ஒன்று உண்டியலோடு உரக்கடைக்காரர். மூன்றாவதாக அந்தப் படத்தை நானே எடுத்து மேலே வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "இதுதாங்க நாளைக்கு வரும்" என்றார். மூன்று மணி பஸ்ஸில் கவர் போய்விட்டது. அரியலூரிலிருந்து கணவர் வந்ததும் எப்படி அலட்சியமாக இந்த விஷயத்தைச் சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கு ஒரு டி.வி.எஸ். 50 கடை வாசலில் வந்து நின்றது. துண்டு சுற்றியிருந்த அந்த உயரமான மனிதர்தான். இப்போது முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். அந்த மே மாத வெயிலில்! உள்ளே வந்து ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை.

"பந்தல்ல வச்சு என்னைய எடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க. நெசமாங்களா?"

"ஆமாங்க" என்றேன். உடனே வாயில் வந்தது என்ன தெரியுமா? "தலைப்பா கட்டியிருந்தீங்களே, அதான் எடுத்தேன்."

அவர் கோபப்படவே இல்லை.

"வெயிலுக்குக் கட்டினேங்க" என்றார்.

அப்புறம் மெல்ல விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு அரியலூர் பக்கம் வரன் பேசி முடித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். உடம்பில் இருக்கும் திட்டுகள் பரம்பரையாக வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. இரண்டு வரன்கள் ஏற்கெனவே அப்படித்தான் தட்டிப்போயிருக்கின்றன. பத்துப் பதினைந்து வருடமாக வெளியிடத்தில் அவர் சட்டையைக் கழற்றியதே இல்லை. ஆபரேஷன் ஆகவேண்டிய குழந்தை பக்கத்து வீட்டுக் குழந்தை. எல்லோரும் போகும்போது நான் மட்டும் எப்படி வீட்டில் உட்காருவது என்று உரக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். "துண்டு சுத்திக்கிட்டு வாப்பா, போட்டோல வராம நான் பாத்துக்கறேன்" என்றாராம் அவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையில் போட்ட சட்டம், குந்தியிருந்த எழுபது பேருக்காக மட்டும் போட்டதில்லை. இந்த ஒருவருக்காகவும்தான்.

"மாப்புள வூட்ல தெனமும் பேப்பர் வாங்குவாங்கங்க" என்றார் கடைசியாக. 

 பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி நிருபருக்குப் போன் போட்டேன். "படம் போயிருச்சுங்களே. ரோட்டுல நடந்தவர எடுத்ததுக்கு யாரு என்ன சொல்லப்போறா?" என்றார். பிறகு பாடாலூரில் மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருந்த ஒருவருக்குப் போட்டேன். அவர் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நான்தான் படம் எடுத்தேன். அந்த பஸ் அங்கே டீக்கு நிற்கும். கண்டக்டரிடம் கவரை வாங்கி வையுங்கள் என்று கெஞ்சினேன். லைனிலேயே காத்திருந்தேன். திரும்பி வந்து, "குடுக்க மாட்டேங்கிறாரும்மா. பேப்பர் ஆபீஸ் ஆள்கிட்ட மட்டுந்தான் குடுப்பேன், வேற யார்கிட்டயும் குடுத்ததில்லேங்கிறாரு" என்றார். எனக்கு அந்தக் கண்டக்டர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நம்பிக் கொடுத்ததை நம்பினபடியே வைத்திருந்த மனிதர் மேல் நான் எந்த முகத்தோடு ஆத்திரப்பட்டேனோ தெரியவில்லை.

கடையைப் பூட்டினேன். நெகட்டிவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இருவரும் அடுத்த பஸ்ஸில் திருச்சிக்கு ஏறினோம். நான் பெண்கள் பக்கம், அவர் பின்னால். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, தொடையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தாலாவது கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பத்திரிகை ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. "நான் இங்கயே நிக்கிறேங்க" என்று அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் ஏறினேன். மாவட்டச் செய்திப் பக்கத்தைப் பார்க்கிற உதவி ஆசிரியரிடம் அனுப்பினார்கள். அவர் மேஜையில் என் படம் இருந்தது. மற்ற இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு இதை நடுவில் வைத்திருந்தார். நான் யாரென்று சொன்னதும், "அடடே, நீங்கதானா? பிரமாதம்மா. பக்கத்துல மேலயே பெருசா போடறோம்" என்றார். இதே வார்த்தையை மத்தியானம் கேட்டிருந்தால் தரையில் கால் பாவியிருக்காது.

"சார், அந்தப் படத்தப் போட வேண்டாம்" என்றேன்.

அவர் சிரித்தார். ரோட்டில் ஊர்வலம் போனவர்களைப் படம் எடுத்துப் போடுவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை என்றார். நல்ல காரியத்துக்காக நடந்திருக்கிறார், இதில் என்ன கேவலம் என்றார். அந்தப் படத்தைப் பார்த்தால் நான்கு பேர் அந்தக் குழந்தைக்கு உதவுவார்கள் என்றார். ஒவ்வொன்றும் நியாயம்தான். இதையெல்லாம் எனக்கு நானே பந்தலில் சொல்லிக்கொண்டவள்தானே நான்!  

"சார், அவர் கீழ நிக்கிறாரு. நீங்களே வந்து அவர் மூஞ்சியப் பார்த்து, இதப் போடப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அப்புறம் நான் ஒண்ணும் கேக்கல" என்றேன்.

மனிதருக்கு எரிச்சல். இருந்தாலும் எழுந்தார். நான் பின்னாலேயே இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டார். கீழே அவர் எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி, வியர்வையில் நனைந்து போயிருந்தது. அப்போதும் கழுத்துப் பொத்தானைக் கழற்றவில்லை. கை வேறு அடிக்கடி போய் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.

உதவி ஆசிரியர் அப்படியே திரும்பி மேலே ஏறினார். படத்தை என் கையில் கொடுத்தார். "உண்டியல் படத்தப் போட்டுக்கறேன்" என்றார். நெகட்டிவை வெட்டக் கத்தரிக்கோல் கேட்டேன். மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து அவரே நீட்டினார். அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி, படத்தோடு சேர்த்து ஒரு பழைய கவரில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன்.

"இதுல படமும் இருக்கு, நெகட்டிவும் இருக்குண்ணே. வேற எங்கயும் கெடையாது. என்னைய மன்னிச்சிருங்க. வெயிலுக்குத்தான் கட்டினீங்கன்னு அப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். சொன்னதில்தான் நிம்மதி வந்தது.

அவர் கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இம்புட்டு தூரம் வந்தீங்களேம்மா, அது போதும்" என்றார். பிறகு, நான் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடிப்பது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ்ளோ நல்ல படமா?" என்றார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். குழந்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்று பிறகு உரக்கடைக்காரர் வந்து சொன்னார். உண்டியல் படமே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அதே டி.வி.எஸ். 50 மறுபடி வாசலில் வந்து நின்றது.  அவர் உள்ளே வந்தார். இந்தத் தடவை ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் பத்திரிகை, மகள் கல்யாணப் பத்திரிகை.

"நீங்கதான் வந்து எடுக்கணும். சார் இல்ல, நீங்க" என்றார்.

பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். அவரே சொன்னார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாக கிணற்று மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய், சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டாராம். திருச்சியிலிருந்து வந்த ராத்திரியிலிருந்து அதே நினைப்பாக இருந்ததாம்.

"பேப்பர் பாத்துத் தெரிஞ்சுக்கறது வேறங்க. நானாச் சொல்றது வேற. நானே சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்கண்ணே?"

"முதுகத் திருப்பிப் பாத்தாரு. அப்புறம், 'சம்பந்தி, எனக்கு சக்கர வியாதி இருக்கு. நான் உங்ககிட்ட சொன்னேனா? சட்டையப் போடுங்க, ஐயரு காத்துக்கிட்டிருக்காரு'ன்னுட்டாரு!" என்று சொல்லி, பந்தலில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் போனேன். ஒரு முழு ஆர்டரை நான் தனியாக எடுத்த முதல் கல்யாணம் அது. ஒவ்வொருவரையும், "எடுக்கலாங்களா?" என்று கேட்டுக் கேட்டு எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், "இந்தம்மா தாலி கட்டறத எடுக்கக்கூட மாப்புளகிட்ட பர்மிசன் கேப்பாங்க போல" என்று கேலி செய்தார்கள். இரண்டு கிழவிகள் எடுக்க வேண்டாம் என்றார்கள். எடுக்கவில்லை. வானம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

பந்தி முடிந்து ஓய்ந்திருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு எடுத்தீங்களே, அந்தப் படம் எப்புடிங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நீங்க பாக்கலையா?"

"எங்கங்க பாத்தேன்? வூட்டுக்குப் போனதும் அடுப்புல போட்டுட்டேன். பிரிக்கக்கூட இல்ல. இப்ப நெனச்சா, ஒரு தடவ பாத்திருக்கலாம்னு தோணுது."

அந்த நெகட்டிவ் இருந்திருந்தால் அப்போதே ஓடிப்போய்ப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருப்பேன். இல்லை. அதனால் வாயால் சொன்னேன். தண்ணீர் எப்படி வழிந்தது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தது, அந்தத் திட்டுகள் எப்படி இருந்தன, எவ்வளவு நன்றாகச் சிரித்தார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அம்புட்டு நல்லாவா இருந்தேன்?" என்றார். "அம்புட்டு நல்லா இருந்தீங்கண்ணே" என்றேன். எழுந்து போய் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் படங்கள் எடுத்துவிட்டேன். சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஆல்பத்தில் வைத்திருக்கிறார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் எதுவென்று யாராவது கேட்டால், அது யாரிடமும் இல்லை என்று சந்தோஷமாகவே சொல்வேன்.